மூட்டையின் அடியில் கைவிட்டுப் பார்க்காமல் தொலைத்த 7.4 மொனேரோ

நான் எழுதிப் பிழைப்பவன். கோத்தகிரிக்குக் கீழே அரவேணுப் பக்கம் வீடு. ரிசார்ட்டுகளுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் இணையதள வாசகம் எழுதிக் கொடுப்பது தொழில். "மேகங்கள் வந்து உங்கள் ஜன்னலைத் தட்டும்", "இயற்கையின் மடியில் ஒரு மறக்க முடியாத நாள்" என்றெல்லாம் குன்னூர், கோத்தகிரி வட்டாரத் தளங்களில் படித்திருப்பீர்கள். அதில் கொஞ்சம் என் கைவண்ணம். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பாதி ராத்திரியில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பணம் போனதைவிட என்னைக் குத்தியது வேறு ஒன்று. என்னை ஏமாற்றியது நான் தினமும் எழுதும் அதே மாதிரி வாசகம்தான்.

கிரிப்டோவுக்கும் எனக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. 2023 கடைசியில் இலவச மென்பொருள் செய்யும் ஒரு சின்ன வெளிநாட்டுக் குழுவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. சம்பளம் மொனேரோ என்ற கிரிப்டோ காசில் தருவோம் என்றார்கள். சரி, எந்த ரூபத்தில் வந்தாலும் காசுதானே என்று ஒப்புக்கொண்டேன். காசை வைத்துக்கொள்ளும் செயலியான வாலட்டை இறக்கி, பின்னால் மீட்டெடுக்க அது கொடுத்த 25 வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதி, அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். ஏழு மாதத்தில் 9.4 மொனேரோ சேர்ந்தது. அப்போது ஒன்று ஏறக்குறைய 14,000 ரூபாய்.

2024 ஜூலையில் வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் வயிறு தள்ள ஆரம்பித்தது. மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி எங்கும் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கள் அம்மா ஐப்பசி மழைக்கு முன்னால் பின்சுவரை ஒரு தடவையாவது தடவிப் பார்க்காமல் இருந்ததில்லை. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு 1,10,000 ஆகும் என்றார். கையில் இருந்தது மொனேரோ. அதை ரூபாயாக்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

ஆனால் அந்த நேரத்தில் மொனேரோவை விற்பது லேசான காரியமாக இல்லை. நான் கணக்கு வைத்திருந்த இந்திய எக்ஸ்சேஞ்சில், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தில், அந்தக் காசே கிடையாது. ஓகேஎக்ஸ் என்ற வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் 2024 ஜனவரியிலேயே மொனேரோவையும், அதைப்போல மறைப்பு வசதியுள்ள ஸிகேஷ், டேஷ் காசுகளையும் எடுத்துவிட்டது. பைனான்ஸ் என்ற இன்னொரு பெரிய எக்ஸ்சேஞ்ச் பிப்ரவரி 20-ஆம் தேதி மொனேரோவை நீக்கியது. ஆளுக்கு ஆள் நேரடியாக விற்க உதவிய லோக்கல்மொனேரோவும் மே மாதம் கடையைக் கட்டுவதாக அறிவித்துவிட்டது. யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள் என்று வெளியே தெரியாத காசு என்பதால், பணமோசடித் தடுப்பு விதிகளுக்குப் பயந்து பெரிய கடைகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. பெரிய கடை மூடினால் சந்தில் புதுக்கடை முளைக்கும். அந்தப் புதுக்கடைகளில் எது கடை, எது வெறும் போர்டு என்று பார்க்கத் தெரியாமல்தான் மாட்டினேன்.

"தனியுரிமைக் காசுகளை மாற்ற 10 சிறந்த தளங்கள்" என்று ஒரு கட்டுரை. அதில் இரண்டாவது இடத்தில் இருந்தது அந்தத் தளம். இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022-இல் ஒரு ஏஜென்சி வழியாக இதே மாதிரிக் கட்டுரை ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். 1,800 வார்த்தை, வார்த்தைக்கு 60 பைசா, மொத்தம் 1,080 ரூபாய். பட்டியலையும் வரிசையையும் அவர்களே கொடுத்தார்கள். எந்தத் தளம் ஏன் முதலிடம் என்று கேட்டதற்கு, கமிஷன் அதிகம் தருகிறவர் என்று ஒளிவுமறைவில்லாமல் பதில் வந்தது. அந்தப் பத்தில் ஒன்றைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை. "எளிமையான இடைமுகம், மின்னல் வேகம், நம்பகமான சேவை" என்று பத்துக்கும் பத்து விதமாக எழுதிக் கொடுத்தேன். அப்படிப்பட்ட நான், இன்னொரு 60 பைசா எழுத்தாளர் எழுதியதை நம்பி உள்ளே போனேன். "சிறந்த 10" கட்டுரை கண்ணில் பட்டால் அதிலுள்ள இணைப்பின் மேல் ஒரு நொடி விரலை வைத்துப் பாருங்கள். முகவரியின் வாலில் நீளமாக ஏதாவது குறியீடு தொங்கினால், எழுதியவருக்கு நீங்கள் உள்ளே போவதில் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம். பங்கு இருந்தாலே பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் அதை மதிப்பீடு என்று நினைத்துப் படிக்காதீர்கள், விளம்பரம் என்று நினைத்துப் படியுங்கள்.

தளம் பார்க்க அழகாக இருந்தது. கறுப்புப் பின்னணி, ஆரஞ்சு எழுத்து. "கணக்கு வேண்டாம். கே.ஒய்.சி. வேண்டாம். கேள்விகள் வேண்டாம்." "2017 முதல் லட்சக்கணக்கானோரின் நம்பிக்கை." "கட்டணம் 0 சதவீதம்." "உங்கள் தனியுரிமை உங்கள் உரிமை." கீழே நாலைந்து நாட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே பாராட்டியிருந்தார்கள். உதவிக்கு சாட் பெட்டி, 24 மணி நேரமும்.

எனக்கும் கொஞ்சம் எச்சரிக்கை இருந்தது. முதலில் 0.5 மட்டும் அனுப்பிப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் 80 யுஎஸ்டிடி (ஒன்று ஒரு டாலர் மதிப்புள்ள கிரிப்டோ காசு) வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அன்றைய சந்தை விலைக்கு 83 டாலர் சொச்சம் வந்திருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போடக்கூடத் தோன்றவில்லை. "கட்டணம் 0 சதவீதம்" என்று போட்டுவிட்டு, ரேட்டிலேயே நாலு சதவீதத்தை உருவிக்கொண்டார்கள். இது மோசடி இல்லாத தளங்களிலும் நடப்பதுதான், அதனால் பழகிக்கொள்ளுங்கள்: கட்டணம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், கையில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். இன்னொரு தளத்தில் அதே நிமிடம் விலையைப் பார்த்து, பெருக்கி, கழித்துப் பாருங்கள். அதற்கு மேல் இன்னொன்று: சின்னத் தொகை சரியாக வந்தது என்றால், சின்னத் தொகை வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். மீன் பிடிக்கிறவன் தூண்டிலில் புழு வைக்கக் கஞ்சத்தனம் பார்ப்பானா?

மறுநாள் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு 6.5 மொனேரோவை ஒரே தவணையில் அனுப்பினேன். மொனேரோ நெட்வொர்க்கில் பரிமாற்றங்கள் பிளாக் பிளாக்காகப் பதிவாகும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிளாக். பத்து பிளாக் ஆனால்தான் வந்த காசு பூட்டுத் திறக்கும், ஏறக்குறைய இருபது நிமிடம். வெளியே மழையும் மூடுபனியும். சிக்னல் சமையலறை ஜன்னலோரம்தான் கிடைக்கும் என்பதால் அடுப்புப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பத்தும் ஆயிற்று. "பரிமாற்றம் நடக்கிறது" என்று பச்சையில் இருந்த வரி திடீரென்று சிவப்பாகி, "நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று மாறியது.

சாட்டில் கேட்டேன். அன்புள்ள வாடிக்கையாளரே என்று ஆரம்பித்தார்கள். உங்கள் காசு எங்கள் பாதுகாப்புச் சோதனையில் சிக்கியிருக்கிறது, அனுப்பிய முகவரியின் ஆபத்து மதிப்பெண் 78 சதவீதம், அடையாளச் சான்று அனுப்புங்கள் என்றார்கள். கே.ஒய்.சி. வேண்டாம் என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்களே என்றேன். விதிமுறைப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினார்கள். அப்போதுதான் அதை முதல்முறையாகத் திறந்தேன். பாதிக்கு மேல் கீழே இறங்கினால், எந்தக் கட்டத்திலும் அடையாள ஆவணம் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, சோதனை முடியும்வரை கால வரம்பில்லாமல் தொகையை நிறுத்தி வைக்கலாம் என்று சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருந்தது. வாசலில் ஒரு பேச்சு, கொல்லையில் ஒரு பேச்சு. காசை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் அடையாளம் கேட்கும் இந்த வழக்கம் ஊரறிந்தது என்று பிறகு தெரிந்தது. இனி எந்தப் பரிமாற்றத் தளத்துக்குப் போனாலும் விதிமுறைப் பக்கத்தை முதலில் திறந்து, அதையும் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். மூன்று விஷயம் தெரிந்தால் போதும். எப்போது அடையாளம் கேட்பார்கள், கேட்டு நான் தர மறுத்தால் காசு எத்தனை நாளில் திரும்பும், எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறார்கள். இந்தத் தளத்தில் மூன்றாவதற்கு "சர்வதேசச் சட்டங்கள்" என்று இருந்தது. அப்படி ஒரு கோர்ட் எங்கே இருக்கிறதென்று எந்த வக்கீலையும் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பதற்றத்தில் ஆதாரின் இரண்டு பக்கத்தையும், காகிதத்தைக் கையில் பிடித்த செல்பியையும் அனுப்பித் தொலைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, திரும்பக் கிடைக்கும் சரிபார்ப்பு வைப்புத்தொகையாக 0.9 மொனேரோ அனுப்பச் சொன்னார்கள். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அனுப்பினேன். ராத்திரி இரண்டு மணி. 6.5 கண்ணெதிரே இருக்கிறது, 0.9 அனுப்பினால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. தூக்கமும் இல்லை, பக்கத்தில் எழுப்பிக் கேட்க ஆளும் இல்லை. அம்மாவை எழுப்பியிருந்தால் ஒரு அறை விட்டிருப்பார், அதோடு போயிருக்கும். 0.9 போன பிறகு வரிக்கென்று 1.2 கேட்டபோதுதான் கை நின்றது. என்னிடம் மிச்சம் இருந்ததே 1.5. மொத்தம் போனது 7.4, அன்றைய விலைக்கு 1,03,600 ரூபாய். வெளியே எடுக்க இன்னும் கொஞ்சம் உள்ளே போடு என்று எவன் சொன்னாலும், எந்தப் பெயரில் சொன்னாலும், அந்த நிமிடமே லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டில் யாரையாவது எழுப்புங்கள்.

விடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். கிரிப்டோ என்றால் என்னவென்று கேட்கவில்லை. தளத்தை மட்டும் காட்டச் சொன்னார். கறுப்பும் ஆரஞ்சுமாக முகப்பைக் காட்டினேன். "மேல கெடக்கற கொழுந்தப் பாத்து எவனாச்சும் வெல போடுவானா? அடியில கைய விட்டுப் பாத்தியா?" என்றார். அவ்வளவுதான் திட்டு.

எங்கள் பக்கம் பச்சைத் தேயிலை எடுக்க ஏஜென்ட் வரும்போது பார்த்திருக்கிறீர்களா? மூட்டையின் வாயில் எல்லோரும் இரண்டு இலை ஒரு கொழுந்தாகத்தான் வைத்திருப்பார்கள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். முழங்கை வரை சாக்குக்குள் விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்புவார். முற்றின இலை எத்தனை, காம்பு எத்தனை என்று விரலால் ஒதுக்குவார். பிறகு இலையை முறுக்கிப் பார்ப்பார், ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிக்கலாம் என்று. ஒரு நிமிடம் ஆகாது. அவர் விலை சொல்வது அந்த ஒரு பிடியை வைத்துத்தான்.

நான் அதைச் செய்தேன், ஒரு நாள் தாமதமாக. மேஜையில் உட்கார்ந்து அந்தத் தளத்தை, ரிசார்ட் முதலாளி திருத்தக் கொடுத்த வாசகம்போல வரிவரியாகப் படித்தேன். எங்கள் தொழிலில் ஒரு வித்தை உண்டு. ஒரு வாக்கியத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வேறு ஊரைப் போட்டாலும் வாக்கியம் ஜம்மென்று நின்றால், அது நிரப்பி. "இயற்கையின் மடியில் ஒரு நாள்" என்பது கோத்தகிரிக்கும் பொருந்தும், கொடைக்கானலுக்கும் பொருந்தும், குற்றாலத்துக்கும் பொருந்தும். "உங்கள் தனியுரிமை உங்கள் உரிமை" என்பதில் மொனேரோ என்ன, குளியலறைக் கதவுத் தாழ்ப்பாளை வைத்தாலும் நிற்கும். அந்த முகப்புப் பக்கத்தில் முப்பது வாக்கியம் இருந்தால் இருபத்தேழு இப்படி. மிச்சம் மூன்றில் விஷயம் இருந்தது. அந்த மூன்றும் தப்பு.

ஒன்று, மொனேரோவின் மொத்த அளவு 21 மில்லியன் என்று போட்டிருந்தார்கள். அது பிட்காயினுக்கும் ஸிகேஷுக்கும் உள்ள வரம்பு. மொனேரோவுக்கு அப்படி முடிவான வரம்பே கிடையாது. 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு பிளாக்குக்கும் 0.6 மொனேரோ புதிதாக வந்துகொண்டே இருக்கும்படிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. எங்கிருந்தோ வெட்டி, பெயரை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு, மொனேரோ, ஸிகேஷ், டேஷ் மூன்றுமே நூறு சதவீதம் கண்டுபிடிக்க முடியாதவை என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தார்கள். ஸிகேஷில் மறைவான முகவரியும் உண்டு, எல்லோருக்கும் தெரியும் திறந்த முகவரியும் உண்டு. டேஷில் கலந்து மறைப்பது நாமாகத் தேர்ந்தெடுத்தால்தான் நடக்கும். மொனேரோவில் மட்டுமே எல்லாப் பரிமாற்றத்துக்கும் மறைப்பு கட்டாயம். இந்த வித்தியாசம் தெரியாதவன் இந்தச் சரக்கை விற்கிறவனாக இருக்க முடியாது. கேரட்டையும் பீட்ரூட்டையும் ஒரே குவியலில் கொட்டி "மலைக்காய்" என்று விற்கிறவனிடம் எந்த மண்டிக்காரர் வாங்குவார்?

மூன்றாவதுதான் என்னைத் தலையில் அடித்துக்கொள்ள வைத்தது. "அனுப்புநரின் முகவரியை ஆராய்ந்து ஆபத்து மதிப்பெண் வழங்குகிறோம்" என்று முகப்பின் கேள்வி-பதில் பகுதியிலேயே போட்டிருந்தார்கள். பிட்காயினில் அது நடக்கும், யார் முகவரியும் சங்கிலியில், அதாவது பிளாக்குகள் கோத்த பொதுப் பதிவேட்டில், பப்ளிக்காகக் கிடக்கும். மொனேரோவில் நான் அனுப்பும்போது என் கையெழுத்தோடு வேறு பதினைந்து பேருடைய பழைய காசுகளும் சேர்ந்து, மொத்தம் பதினாறில் எது நிஜம் என்று தெரியாமல்தான் போகும். வாங்குபவருக்கும் ஒருமுறை மட்டும் பயன்படும் முகவரி ஒன்று உருவாகும். என் வாலட் முகவரி சங்கிலியில் எங்குமே எழுதப்படாது. வாங்கியவருக்குக்கூட அனுப்பியவர் முகவரி தெரியாது. எழுதப்படாத முகவரிக்கு 78 சதவீதம் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்! ஒரு நிறுவனம் தன் சொந்த விதிப்படி அடையாளம் கேட்பது வேறு, அதில் தப்பில்லை. உன் முகவரி கறுப்புப் பட்டியலில் இருக்கிறது என்று மொனேரோ அனுப்பியவனிடம் சொன்னால் அது பச்சைப் பொய். இது எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பு வேலையில் இந்தப் பத்தியைத் தமிழில் எழுதியதே நான்தான். தெரிந்தும், ராத்திரியில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் புத்தி எங்கோ போய்விட்டது.

"2017 முதல்" என்பதையும் பார்த்தேன். டொமைன், அதாவது தளத்தின் முகவரி, எப்போது பதிவானது என்பதை ஹூ ஈஸ் தேடலில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அந்தத் தளம் பதிவானது 2024 மார்ச். பைனான்ஸ் மொனேரோவை நீக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. திண்டாடி நிற்கிற கூட்டத்தைப் பார்த்தே வலை விரித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பழைய டொமைனை வாங்கியும் ஏமாற்றலாம், அதனால் வயது மட்டும் போதாது. ஆனால் சொல்வது ஏழு வயது, இருப்பது நாலு மாதம் என்றால் மேலே படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

விஷயம் உள்ள பக்கம் எப்படி இருக்கும் என்பதற்காக அப்புறம் நிறையத் தளங்களைப் படித்தேன். அவை பெரும்பாலும் அசிங்கமாக இருக்கும். எத்தனை உறுதிப்படுத்தலுக்கு (பிளாக்குக்கு) பிறகு வரவு வைப்போம், குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, நிலையான ரேட் என்றால் எத்தனை நிமிடம் செல்லும், அதற்குள் காசு வராவிட்டால் என்ன ஆகும், திரும்ப அனுப்ப உங்கள் முகவரியை முன்பே வாங்கிக்கொள்வோமா என்றெல்லாம் சலிப்பாக எழுதியிருக்கும். வாலட் 4-இல் தொடங்கும் முகவரி தருமா, 8-இல் தொடங்கும் துணை முகவரியை ஏற்குமா என்றுகூட இருக்கும். இவையெல்லாம் தப்பாக இருந்தால் மாட்டிக்கொள்ளக்கூடிய வாக்கியங்கள். சரிபார்க்க இடம் கொடுப்பதுதான் சரக்கு. 2019 நவம்பரில் மொனேரோவின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே யாரோ புகுந்து, வாலட் கோப்பை மாற்றி வைத்துவிட்டார்கள். அது வெளிப்பட்டதே, இறக்கிய கோப்பின் ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரியான எழுத்து-எண் வரிசை) அங்கே போட்டிருந்த ஹாஷோடு பொருந்தவில்லை என்று யாரோ ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான். "நாங்கள் பாதுகாப்பானவர்கள்" என்ற வாக்கியத்தை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. காசு அனுப்பும் முன் சாட்டில் ஒரு தொழில்முறைக் கேள்வி கேட்கிறேன். "காசு வரவில்லை என்று நீங்கள் சொன்னால், பரிமாற்றச் சாவியைக் காட்டி நிரூபிக்கலாமா?" மொனேரோவில் நாம் அனுப்பும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு ரகசியச் சாவி உண்டு. அதையும் பரிமாற்ற எண்ணையும் வாங்குபவர் முகவரியையும் சேர்த்துக் காட்டினால், இத்தனை தொகை இந்த முகவரிக்குப் போனது என்று மூன்றாம் ஆளுக்கு நிரூபிக்கலாம். தொழில் தெரிந்தவர்கள் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். தெரியாதவர்கள், உங்கள் திருப்தியே எங்கள் குறிக்கோள் என்கிறார்கள்.

புகார் விஷயம். காலையிலேயே 1930-க்கு அழைத்தேன், சைபர்கிரைம் இணையதளத்திலும் பதிவு செய்தேன். எந்த வங்கிக் கணக்குக்குப் பணம் போனது என்று கேட்டார்கள். வங்கியே இல்லை, அதனால் கணக்கை முடக்குவது என்ற வழியும் இல்லை. உங்கள் பணம் யுபிஐ வழியாகப் போயிருந்தால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் பொன்னானது, அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஊட்டிக்கு பஸ் ஏறி சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். அனுப்பியதற்குச் சான்று என்ன என்று கேட்டபோது பரிமாற்றச் சாவிதான் கைகொடுத்தது. அதில் ஒரு கண்டம் தப்பியது. ஆத்திரத்தில் முந்தின நாள் வாலட்டை அழித்துவிட்டு, 25 வார்த்தையை வைத்துப் புதிதாக ஏற்றலாம் என்று நினைத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் காசு திரும்பித் தெரியும், ஆனால் பழைய பரிமாற்றச் சாவிகள் போயிருக்கும். அவை அந்தக் கணினியில் உள்ள வாலட் கோப்பில் மட்டுமே இருக்கும். அதனால் எதையும் அழிக்காதீர்கள். சாட்டையும், விதிமுறைப் பக்கத்தையும், முகப்பையும் அன்றே படமெடுத்து வையுங்கள். மூன்று வாரத்தில் அந்தத் தளம் காணாமல் போய்விட்டது. ஆதார் அனுப்பியவர்கள் பயோமெட்ரிக்கை உடனே பூட்டுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஒரு டெலிகிராம் குழுவில் என் கதையைச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் தனிச் செய்தியில் வந்தார்கள், போன காசை மீட்டுத் தருகிறோம், முன்பணம் 200 டாலர் என்று. ஒருவருடைய படத்தில் கோட்டும் டையும். நல்லவேளை, அதற்குள் எனக்கு சாக்கில் கைவிடும் பழக்கம் வந்திருந்தது.

ஆடிட்டரையும் பார்த்தேன். 2022 ஏப்ரலிலிருந்து இந்த மாதிரி மெய்நிகர் சொத்தை விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. மொழிபெயர்ப்புக்கு வாங்கிய மொனேரோ, வாங்கிய நாள் மதிப்பில் என் வருமானம் என்றார். அதாவது திருடு போன காசுக்கும் நான் வருமானக் கணக்குக் காட்டியாக வேண்டும். மொனேரோவில் சம்பளம் வாங்க நினைப்பவர்கள் இதை முதலில் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். நான் அந்தக் குழுவிடம் நடந்ததைச் சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து டாலரில் பில் போட்டு வங்கிக்கு அனுப்பச் சொன்னார்கள். இதை ஆரம்பத்திலேயே கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. மிச்சம் 1.5 அப்படியே வாலட்டில் கிடக்கிறது.

சுவரைப் பாதி மட்டும் கட்டினோம், கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து. மறுபாதிக்கு மணல் மூட்டை. அந்த ஐப்பசியை எப்படியோ தாண்டிவிட்டது.

போன மாதம் கோத்தகிரியில் ஒரு ஹோம்ஸ்டேக்கு எழுதப் போனேன். முதலாளி அறையைக் காட்டி, பனி, மேகம், பறவைச் சத்தம் எல்லாம் போட்டு நல்லா எழுதுங்க தம்பி என்றார். வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வரும், கீசரா, விறகு பாய்லரா, கடைசி வளைவுக்கு மேல் பெரிய கார் ஏறுமா, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டேன். நாலாவது கேள்வியில் அவர் முகம் மாறியது. "தம்பி, நீங்க எழுத வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" என்றார். வெந்நீர் காலை ஆறரை முதல் ஒன்பது வரைதானாம். அதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன், போடுவாரா என்று தெரியவில்லை.